பதினெட்டு மீட்டர் வரை

காவலூர்,
ஞாயிறு பகல்

அஸ்ஸலாமு அலைக்கும்.

நிக்காஹ் முடிந்ததும் நாம் மாலத்தீவு போவதற்காக நீங்கள் அனுப்பிய பயணக் காப்பீட்டுப் படிவத்தை நாவல் படிப்பதுபோல இரண்டு முறை படித்தேன். கடலுக்குள் பதினெட்டு மீட்டர் ஆழம் வரை காப்பீடு உண்டாம், பத்தொன்பதில் கிடையாது. ஜெட் ஸ்கீயில் பின்னால் உட்கார்ந்தால் உண்டு, ஓட்டினால் இல்லை. அந்த ஒரு மீட்டரில் அப்படி என்னதான் இருக்கிறது? மலைப் பள்ளிக்கூடத்தில் கடலைப் பாடமாக நடத்துகிறவளுக்கு ஆவல் தாங்கவில்லை. கம்பெனிக்கே போன் செய்தேன்.

"ஹனிமூன் போறவங்க யாரும் இதெல்லாம் கேக்க மாட்டாங்க மேடம்," என்று சிரித்தார் அங்கிருந்தவர். "ஏழாவது கேள்விக்கு மட்டும் பொய் எழுதிடாதீங்க. அப்புறம் எதுவுமே செல்லாது."

ஐந்து ஆண்டுகளுக்குள் வலிப்பு வந்ததுண்டா என்பதுதான் ஏழாவது கேள்வி.

வாணியம்பாடியிலிருந்து வந்திருக்கும் அம்மா எட்டிப் பார்த்தார். "வலிப்புன்னு இன்னாத்துக்குடி எழுதற? மாப்ள வூட்ல தெரிஞ்சா இன்னா ஆவும்? மயக்கம்னு போடு. எந்தப் பொண்ணுக்கு மயக்கம் வரல?"

நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று என் மாத்திரைகளைத் தையல் மிஷின் டிராயருக்குள் ஒளித்ததும் அம்மாதான். நானும் பேசாமல் இருந்தேன்.

படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன் ஏழாவது பதிலைப் படித்துவிடுங்கள். அதன் பிறகும் என்னை அழைத்துப் போவதானால், நீங்கள் கடலுக்குள் இறங்குங்கள், நான் படகில் இருப்பேன். மேலே வந்ததும் கீழே என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று ஒன்று விடாமல் கேட்பேன்.

இன்று வரை,
உங்களுக்கு நிச்சயிக்கப்பட்டவள்