கேட்காத லீவு

அக்கா, பக்கத்து மேஜைப் பெண் நாலு நாளாக நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு வேலை பார்க்கிறாள். இன்று அந்த வாசனை தாங்காமல் நான் எழுந்தே போய்விட்டேன். துணி செக்கிங் பிரிவிலிருந்து நீங்கள் படியேறி வருமுன்னே உங்கள் தைலம்தான் முதலில் வரும்.

ஷிப்மென்ட் நெருங்கினால் எனக்கு வயிறு எரியும், உங்களுக்கு நெஞ்சு அடைக்கும். பதினொரு மணி டீயைப் பின்பக்கம் நின்று குடித்தபடி, நம் துணியை வாங்கும் முகம் தெரியாத வெளிநாட்டு பையரை இருவரும் வாய் வலிக்கத் திட்டுவோம். நமக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். நான் கொங்குப் பக்கம், குன்னத்தூர்க்காரி. முதலாளி எது சொன்னாலும் "ஆகட்டுங்க" என்றுதான் வாயில் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த உங்களுக்கு அது பொறுக்காது. "ஏட்டி, முடியாதுன்னு சொன்னா உன்னைக் கடிச்சா தின்னுருவாரு?" என்பீர்கள்.

அந்தச் சனிக்கிழமை கோயம்புத்தூரில் நெஞ்சு டாக்டரைப் பார்க்க நாள் வாங்கியிருந்தீர்கள். ஆர்டர் என் பொறுப்பில் இருந்ததால் உங்கள் லீவை நான்தான் கேட்க வேண்டும். உள்ளே போனேன். நான் வாய் திறக்குமுன் முதலாளி, "கண்ணு, சனிக்கிழமை எல்லாரும் இருந்து சரக்க அனுப்பிச்சுடலாமுங்களா?" என்றார். "ஆகட்டுங்க" என்றேன்.

வெளியே வந்து உங்களிடம், "கேட்டேங்க்கா, உட மாட்டேங்கறாருங்க" என்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். "சரி விடு, அடுத்த வாரம் போய்க்கிடுதேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனீர்கள். அந்தச் சனிக்கிழமை கழிந்த புதன்கிழமை காலை உங்கள் வீட்டுக்காரர் போனில் அழுதார்.

நான் கேட்கவே இல்லை அக்கா. ஐந்து வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. கேட்டிருந்தாலும் அந்த மனுஷன் விட்டிருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். வேலையை விடவும் பயம், இருக்கவும் முடியவில்லை.

நாளைக்கு ஷிப்மென்ட். தலைவலியோடு இருக்கும் அந்தப் பக்கத்து மேஜைப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போக லீவு வேண்டுமென்று என்னிடம்தான் வந்து நின்றாள். உள்ளே போனேன். "அந்தப் புள்ள நாளைக்கு வராதுங்க, ஆஸ்பத்திரிக்குப் போகோணுமாமுங்க" என்றேன்.

முதலாளி காகிதத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போயிட்டு வரச் சொல்லு கண்ணு. இதையெல்லாம் கேக்கோணுமா?"

படியில் வந்து உட்கார்ந்துவிட்டேன். அன்றும் இதையேதான் சொல்லியிருப்பார், அக்கா.