கீழ் நாலு வரிசைக் குழாய்கள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. போனில் விஷயத்தைச் சொன்னதும் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பதினோரு முறை கூப்பிட்டுவிட்டேன், நீ எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முழுக்கச் சொல்லிவிடுகிறேன். குளிர் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் பேப்பர் மில்லில் நான் இயக்குகிற பாய்லர் பாதி லோடில்தான் ஓடியது. தீ மஞ்சளாகி ஆடியது. காற்று ஊதுகிற ஃபேன் இரைந்துகொண்டே இருந்தது. உள்ளே எங்கோ துருப்பிடித்திருக்கும், திறந்து பார்க்கலாம் என்று மேனேஜரிடம் இரண்டு முறை சொன்னேன். "கேஸ்ல ஓடுற பாய்லர்ம்மா. கரியா, சாம்பலா? இதுல என்னத்தத் துரு பிடிக்கப் போகுது?" என்று சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை என் ஷிப்டில் உலைக்குள் டமாரென்று ஒரு சத்தம். தீயைப் பார்க்கிற துளையின் இரும்பு மூடி பறந்துபோய் எதிர்ச் சுவரில் மோதி விழுந்தது. அரை நிமிஷம் முன்புவரை பழுது பார்க்கிற ஃபிட்டர் அங்கேதான் நின்றிருந்தார். தண்ணீர் குடிக்க நகர்ந்ததால் தப்பித்தார். கேஸை அடைத்துவிட்டேன். ஆனால் அடைத்தேனா இல்லையா என்று எனக்கே நம்பிக்கை வராமல் மூன்று முறை வால்வைத் தொட்டுப் பார்த்தேன்.

ஆறிய பிறகு ஏர் பிரீஹீட்டரைத் திறந்து டார்ச்சோடு உள்ளே ஊர்ந்து போனேன். சிம்னிக்குப் போகிற புகையின் சூட்டில் பர்னருக்குப் போகிற காற்றைச் சூடேற்ற, நீ வடிவமைத்துக் கொடுத்த அதே பெட்டிதான். மேல் வரிசைக் குழாய்களுக்கு ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று முதலில் படுகிற கீழ் நாலு வரிசை மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. எரிந்த கேஸின் ஆவி அந்தக் குளிர்ந்த இரும்பில் வியர்த்து, அமிலமாகி, கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது. ஸ்குரூடிரைவரை லேசாக வைத்தேன், உள்ளே போய்விட்டது. பர்னருக்குப் போகவேண்டிய காற்று அந்த ஓட்டைகள் வழியாகச் சிம்னிக்கு ஓடியிருக்கிறது. காற்றுப் போதாமல் எரியாத கேஸ் உலையில் தேங்கி வெடித்திருக்கிறது.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கீழ் நாலு வரிசைக்கு, அமிலம் அரிக்காமலிருக்க, "எனாமல் பூசியது" என்று அச்சில் இருக்கிறது. அதைப் பேனாவால் அடித்து, "சாதா இரும்பு போதும்" என்று உன் கையெழுத்து. யார் உன்னை நெருக்கினார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. வரைபடத்தையும் மறைக்கவில்லை, விசாரிக்க வந்த பாய்லர் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

இதே வரைபடத்தில் இன்னும் மூன்று இடங்களில் பாய்லர் ஓடுகிறதாம், அதில் ஒன்று ஆஸ்பத்திரியாம். எந்தெந்த இடம் என்று உங்கள் கம்பெனியில் கேட்டால் "பார்க்கிறோம்" என்று மட்டும்தான் பதில் வருகிறது. உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் மூன்று இடத்துக்கும் போன் செய்து பாய்லரை நிறுத்தச் சொல்.

நேற்று அண்ணி பேசினாள். பேச்சைவிட அழுகைதான் அதிகம். நீ சாப்பிடுவதில்லையாம். வீட்டுப் பத்திரம், இன்ஷூரன்ஸ் தாள் எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் அடுக்கிவிட்டு, "எது எங்க இருக்குன்னு நீயும் தெரிஞ்சு வச்சுக்கோ" என்றாயாம். அதைக் கேட்டதும் மேனேஜரிடம் போய் மில் லாரியைக் கேட்டு வாங்கினேன்.

அண்ணா, இதுவரை யாரும் சாகவில்லை. இனியும் யாரும் சாக வேண்டியதில்லை. யாரும் என்றால் யாரும்தான்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் எங்கள் மில் லாரி டிரைவர். நீ போன் செய்து முடிக்கும்வரை வாசலில் காத்திருப்பார். பக்கத்து சீட்டைக் காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ ஏறாமல் வண்டியை எடுக்கக்கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். மாற்றுத்துணிகூட வேண்டாம், அப்படியே வா. கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று இங்கே சேர்ந்து உட்கார்ந்து யோசிப்போம்.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து நிற்கும்
தங்கை