எந்த நாட்டுப் பொத்தான்?

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே அனைவரும் சுகம். தங்கச்சியின் கால்வலிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா?

எனக்கு இப்போது தலைவலி. கூலி உயர்வு கேட்ட ஆலைத் தொழிலாளர்களை உங்கள் நாட்டில் சிறையில் போட்டிருக்கிறார்களே, அவர்களை விடும்வரை அந்த நாட்டுச் சரக்கு எதையும் வாங்குவதில்லை என்று எங்கள் கடைத்தெருச் சங்கம் முடிவு செய்துவிட்டது. எல்லோரும் கை தூக்கினார்கள், நானும் தூக்கினேன். நியாயமாகத்தான் பட்டது. கடைக்குத் திரும்பி அலமாரியைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பத்துப் பெட்டியில் எட்டு, உங்கள் தொழிற்சாலைப் பொத்தான்.

உங்களைக் கைவிட்டுவிட்டுத் தங்கச்சி முகத்தில் எப்படி விழிப்பேன்? ஒரு வழி இருக்கிறது. சரக்கைப் பக்கத்து நாட்டுக் கிடங்குக்கு அனுப்புங்கள். அங்கே செய்ததாக லேபிள் ஒட்டிக்கொண்டு வரட்டும். பொத்தானிடம் யார் பாஸ்போர்ட் கேட்கப்போகிறார்கள்?

உங்கள்
மச்சான்

ஏப்ரல் 2

மச்சானுக்கு வணக்கம்.

தைலம் வந்தது. உங்கள் தங்கச்சி அதைத் தடவிக்கொண்டேதான் உங்களைத் திட்டுகிறாள்.

நீங்கள் சொன்னபடி ஆறு பெட்டி அனுப்பினேன். கிடங்குக்காரன் லேபிளைக் கோணலாக ஒட்டுகிறானே என்று, அடுத்த ஆறுக்கு இங்கேயே ஒட்டச் சொன்னேன். அதுதான் என் மடத்தனம். பெட்டி கட்டும் பெண்களில் மூத்தவள் லேபிளைப் படித்துவிட்டு, நம் நாட்டுப் பெயரைச் சொல்ல என்ன வெட்கம் என்று கேட்டாள். மழுப்பத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். சிறையில் இருப்பவர்களில் ஒருவன் அவள் தம்பி. பசை டப்பாவை மூடி வைத்தாள்.

"எங்கேயோ இருக்கிறவங்க என் தம்பிக்காக வாங்காம இருக்காங்க. அதை என் கையாலயே கெடுக்கச் சொல்றீங்களா முதலாளி?"

வேலை குறைந்துவிடுமே என்றேன். அதையும் பேசி வைத்திருந்தார்கள். உள்ளூர்ச் சீருடை ஆர்டர் ஒன்று இருக்கிறது. ஆளுக்குப் பாதி நாள் என்று பகிர்ந்துகொள்கிறார்கள். உங்கள் தங்கச்சி அவர்களோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கிறாள். எனக்கு மட்டும் கிடையாதாம்.

இனி அனுப்ப மாட்டேன், மச்சான். கோபம் வந்தால் வரட்டும்.

மாப்பிள்ளை

ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கோபம் வந்தது. நீங்கள் எதிரில் இல்லாத குறைக்கு, கடைக்கு வந்த தையல்காரரிடம் உங்களைத் திட்டித் தீர்த்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்தம்மா பாதி வேலையை விட்டிருக்காங்க. உங்களால பொத்தானை விட முடியலையா?" என்றார்.

ஆறு பெட்டியையும் தூக்கிக்கொண்டு சங்கத் தலைவர் கடைக்குப் போனேன். லேபிளை உரித்துக் காட்டி, சரக்கு என் மாப்பிள்ளையுடையது, குறுக்குவழி என்னுடையது என்று சொன்னேன். சங்கத்தை விட்டே தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். மனிதர் தலையைச் சொறிந்தார். பிறகு என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே பெட்டி பெட்டியாக நூல்கண்டு. அதே லேபிள், அதே கோணல்.

முதலில் சிரித்தோம். சிரித்து முடித்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. மறுநாள் கூட்டத்தில் இருவருமே எழுந்து சொல்லிவிட்டோம். சந்து பொந்தெல்லாம் தெரிந்தவன் என்று, வந்து இறங்கும் சரக்கைச் சோதிக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே உங்கள் பொத்தான் இனி எந்த வேஷத்தில் வந்தாலும் பிடிப்பவன் நான்தான்.

அந்த அம்மாவின் தம்பி வீடு திரும்பும் நாளில் எனக்கு இரண்டு வரி எழுதுங்கள். அதுவரை அரை நாள் தொழிற்சாலையை அந்தப் பெண்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்களும் தங்கச்சியும் புறப்பட்டு வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போங்கள். சங்கத் தீர்மானத்தை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். தடை சரக்குக்குத்தான், சொந்தக்காரர்களுக்கு இல்லை.

உங்கள்
மச்சான்