வீரமுத்துவின் எண்பத்தொன்று

மாஸ்டர்,

மூன்று நாளாகக் கந்தப்பளையில் மழை விடவில்லை. இன்று காலை பக்கத்து வீட்டுச் செல்வராஜ், கூரைத் தகரம் காற்றில் எழும்பாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டினார். மிச்சக் கயிற்றை என் வாசலில் தொங்கவிட்டுப் போனார். நனைந்த தென்னந்தும்புக் கயிற்றின் வாடை வீட்டுக்குள் வந்தது. எழுபத்தெட்டு வயதில் எனக்கு எந்த வாடையும் சரியாகப் பிடிபடுவதில்லை. இது பிடிபட்டது. கூடவே நீங்களும் வந்து உட்கார்ந்துகொண்டீர்கள். நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. உங்களிடம் சொல்லாமல் மறைத்த ஒன்றை இனி எழுதத்தான் முடியும்.

அதற்கு முன் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். அட்டன் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று பேசியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதம் எழுதுவதால் மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

நாம் சந்தித்ததே ஒரு சண்டையில்தான். அட்டன் பழைய புத்தகக் கடையில் ஒரே கேத்திரகணிதப் புத்தகத்தின் இரண்டு முனையை இரண்டு பேரும் பிடித்திருந்தோம். நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கணக்கு வாத்தியார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்று, தேயிலைத் தொழிற்சாலையில், எங்கள் பேச்சில் ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவன்.

"இதை வச்சு நீர் என்ன செய்யப்போறீர்?" என்றீர்கள்.

"படிக்கத்தாங்க மாஸ்டர். தலைக்கு வச்சுத் தூங்கவா?"

நீங்கள் சிரித்துவிட்டுக் கையை எடுத்தீர்கள். அந்தப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள். எந்தப் புத்தகத்திலும் பேர் வராத கணக்கு மனிதர்களைத் தேடுவதுதான் நமக்கு வேலை. சோழியை வைத்துக் கிரகணம் கணித்த பஞ்சாங்கக்காரர் ஒருவர் உங்கள் ஊரில் இருந்திருக்கிறார். அவர் உங்கள் ஆள். வீரமுத்து என் ஆள். கொத்மலைப் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை நடப் புது மலைகளைத் திறந்த காலத்தில், நிலம் அளக்க வந்தவர்களுக்கு அளவுச் சங்கிலி சுமந்தவர்.

நிலப்படம் மலையைச் சரிவாகப் பார்ப்பதில்லை. மேலிருந்து தட்டையாகப் பார்க்கிறது. சரிவில் நூறடி நடந்தால் படத்தில் அது நூறடியாக விழாது, குறையும். தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டும் வேலையைப் படத்தைப் பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். வெட்டியவர்களோ சரிவில் வெட்டினார்கள். படம் சொன்னதைவிட எப்போதும் கூடுதலாகவே வெட்டினார்கள். இதைக் கண்டவர் வீரமுத்து. எந்தச் சரிவுக்கு எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு கொப்பியில் பதின்மூன்று வரி அட்டவணை எழுதி வைத்தார். அவருடைய பேரன் வீட்டுத் தகரப் பெட்டியில் அதை நான் கண்டெடுத்த நாளில், அட்டனில் இறங்கி நேரே உங்கள் விடுதிக்குத்தான் ஓடி வந்தேன். நீங்கள் ஊருக்குப் போயிருந்தீர்கள். நீங்கள் அன்று இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

கொப்பியைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. உட்கார்ந்து நல்ல தாளில் பிரதி எடுத்தேன். எடுக்கும்போது ஒவ்வொரு வரியையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரிவில் நூறடிக் கயிறு அறுபதடி இறங்கினால் படத்தில் எண்பதடி. வீரமுத்து எண்பத்தொன்று என்று எழுதியிருந்தார். இருபத்தெட்டடி இறங்கினால் தொண்ணூற்றாறு. அவர் தொண்ணூற்றேழு என்று எழுதியிருந்தார். பதின்மூன்று வரியில் பதினொன்று பிழை.

படித்தவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். 'சங்கிலி தூக்கினவனுக்குக் கணக்கு எங்கே வரும்' என்பார்கள். என்னையே அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பதினொன்றையும் நான் திருத்தினேன். எண்பத்தொன்றை எண்பதாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. பிரதியைப் பேரன் வீட்டில் காட்டி, "இனி இதுதாங்க உங்க தாத்தாவோட கொப்பி" என்று பெருமையோடு சொல்லி, மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பிரதியைத்தான் அட்டன் கூட்டத்தில் வாசித்தேன். நாற்பது பேர் இருந்திருப்பார்கள். வாசித்து முடித்ததும் நீங்கள் எழுந்தீர்கள்.

"இது நிலஅளவைக்காரரின்ர புத்தகத்தில இருக்கிற அட்டவணை. ஒரு இலக்கமும் மாறேல்லை. உம்முடைய ஆள் பாத்து எழுதியிருக்கிறார். கண்டுபிடிக்கேல்லை."

பின்வரிசையில் ஒருவர், "அப்ப சங்கிலியோட சேத்துக் கணக்கையும் தூக்கிட்டு வந்துட்டாரு போல" என்றார். கூடம் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள் மாஸ்டர். நான் பார்த்தேன்.

நாலு வருடம் உங்களோடு பேசவில்லை. பஸ்ஸில் கண்டாலும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு, ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் முன், பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானோடு நீங்களாகவே கந்தப்பளைக்கு வந்தீர்கள். பழசைப் பேசாமல் பள்ளிக்கூடக் கதை பேசினீர்கள். பரீட்சையில் பார்த்து எழுதுகிறவர்களை எப்படிப் பிடிப்பீர்கள் என்று சொன்னீர்கள்.

"ரெண்டு பேரும் சரியாச் செய்தால் எனக்கு ஒண்டும் தெரியாது. பிழையைத்தான் பாக்கோணும். ஒருத்தன்ர பிழை அவன்ர சொந்தம்."

பிறகு வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்: "உம்முடைய ஆளின்ர அட்டவணையில சொந்தமா ஒரு பிழையாவது இருந்திருந்தால், நான் அண்டைக்கு எழும்பியிருக்க மாட்டன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். நான் சொன்னது, "தேத்தண்ணி ஆறுதுங்க மாஸ்டர், குடிங்க."

ஏன் சொல்லவில்லை? ஒன்றைத் திருத்தியவன் தான் கொண்டுவந்த மற்றவற்றையும் திருத்தியிருப்பான் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்ற பயம். பள்ளிக்கூடம் போகாதவனிடம் இருப்பது அவன் வார்த்தை மட்டும்தான்.

மறுநாளே கொத்மலைக்குப் போனேன். கொப்பி கையில் கிடைத்தால் அதைக் கொண்டு வந்து உங்கள் மடியில் போட்டுவிடலாம், வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். பேரனின் மனைவி வாசலில் நின்று சொன்னார்.

"அது ஒரேயடியா கரையான் அரிச்சுப் போச்சுங்கய்யா. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறப்ப அடுப்புல போட்டுட்டோம். நீங்கதான் முத்து முத்தா எழுதி எடுத்துக்கிட்டீங்களே, இந்தக் கிறுக்கல் எதுக்குன்னு விட்டுட்டோம்."

அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? அது கிறுக்கல் என்று காட்டிக் கொடுத்ததே என் பிரதிதானே.

நீங்கள் ஊருக்குப் போனீர்கள். கடைசியில் உங்கள் மகளின் தொலைபேசி அழைப்பு மட்டும் வந்தது.

இன்று மத்தியானம் மழை சற்று விட்டது. அந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சரிவுக்குப் போனேன். செல்வராஜ் மறுமுனையைப் பிடித்தார்.

"என்ன பெரியவரே, மலையை அளந்து யாருக்கு எழுதிக் குடுக்கப் போறீங்க?"

"பேசாம மட்டமாப் புடிங்க. நடுவுல தொங்குது பாருங்க."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. "இருங்க, இழுக்காதீங்க. தொங்கட்டும், அப்படியே விடுங்க."

சங்கிலி வீரமுத்துவுடையது அல்ல மாஸ்டர். வேலை முடிந்ததும் அது அளக்க வந்த துரையின் ஆட்களோடு பெட்டிக்குள் போய்விடும். தனியாக அளந்தபோது அவர் கையில் இருந்தது கயிறுதான். நனைந்த தும்புக்கயிறு எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும் நடுவில் தொங்கும். தொங்கினால் அளவு கொஞ்சம் கூடும். இருபத்தைந்தடிக்குப் பதினைந்தடி இறங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, படிப்படியாகக் கயிற்றை மட்டமாகப் பிடித்துக்கொண்டே இறங்கினோம். இருபது வர வேண்டியது இருபதே காலாக வந்தது. நூறடிக்கு எண்பத்தொன்று. புத்தகத்தைப் பார்த்து எழுதியவருக்கு எண்பதுதான் வந்திருக்கும்.

செல்வராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஈரத்தில் நிற்க வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

நீங்கள் இருந்தால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "வழக்காளியும் நீர், சாட்சியும் நீர்." சரிதான். என் கை எண்பத்தொன்றை விரும்பிய கை. கயிற்றை அது எப்படிப் பிடித்ததோ, எனக்கே நிச்சயமில்லை. மூலம் இல்லாமல் இதை யாரும் ஏற்கமாட்டார்கள். நீங்கள் ஒருவர் ஏற்றிருக்கக்கூடும், என்னை நன்றாக ஏசிவிட்டு. அந்த ஏச்சுக்குப் பயந்துதான் உங்களை இழந்தேன். வீரமுத்துவையும் இழந்தேன்.

பதினொரு பிழைகளில் இரண்டுதான் எனக்கு நினைவிருக்கிறது: எண்பத்தொன்று, தொண்ணூற்றேழு. மற்ற ஒன்பதும் எத்தனை முறை கண்ணை மூடி உட்கார்ந்தாலும் வருவதில்லை. இந்த இரண்டையும் மறந்துவிடக் கூடாதென்று காலையில் முகம் கழுவும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தைத் தொடங்கும் முன் பிரதியை எடுத்து, முதல் பக்கத்தில் மையால் எழுதிக் கையொப்பம் வைத்தேன். நீங்கள் படிக்க வேண்டியது அது. இங்கேயும் எழுதுகிறேன்:

"இந்த அட்டவணையில் திருத்திய பதினொரு வரிகளில் உள்ள சரியான எண்கள் என்னுடையவை. வீரமுத்துவின் எண்கள் பிழையானவை. அவை தொலைந்து போனதற்கு நானே காரணம்."