தனம் அண்ணி தன் பேரில் பாடிய ஒப்பாரி

என் ஆசை அண்ணிக்கு,

உங்கள் மகள் கலா இப்போதெல்லாம் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். அண்ணன் ஷிப்டுக்குப் போகிறார், வருகிறார். என்னோடு மட்டும் பேசுவதில்லை. உங்கள் காரியம் முடிந்த அன்று வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார்: "இப்ப திருப்தியாடி ஒனக்கு?"

உங்களைப் பாட வைத்தவள் நான்தானே.

சுரங்கம் தோண்ட எடுத்துக்கொண்ட நம் ஊர்களின் பாட்டையும் கதையையும் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும் என்று ஞாயிறுதோறும் என் வீட்டில் கூடினோம். நடவுப் பாட்டு வந்தது, தாலாட்டு வந்தது. ஒப்பாரிக்கு ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான்தான் உங்களைப் பிடித்துக்கொண்டேன்.

"சாவு வுழாத வூட்டுல ஒப்பாரி வைக்கக் கூடாது வளரு. அப்படியே வச்சாலும் யார் பேருல வைக்கிறது? பேரில்லாம எனக்கு வாய் வராது."

"சும்மா ரெக்கார்டுக்குத்தான அண்ணி. எதுனா ஒரு பேரப் போடுங்க."

"எவ பேரப் போட்டாலும் அவ உசுரோட இருக்கா. அந்தப் பாவத்த நான் ஏன் கட்டிக்கணும்? எம் பேரயே வச்சிக்கிறேன், போ."

எல்லோரும் சிரித்தோம். கலா எதிரில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். "மண்ணு போச்சு, மனை போச்சு, மவராசி தனமும் போனா..." இரண்டாவது அடியிலேயே எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போதும் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு நன்றாக இருந்தது அண்ணி, சொல்ல மனசு வரவில்லை.

நாலே மாதம். மாரடைப்பு என்றார் டாக்டர். நானும் அதையேதான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

உங்களைக் கிடத்தியிருந்தபோது பாட ஆளில்லை. அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஜில்லா. அழுதார்கள், பாட்டு வரவில்லை. உங்கள் பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்ட எனக்கோ துணிச்சல் இல்லை. கலா அந்த நோட்டை எடுத்து வந்தாள். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை பாடினாள். ஒரு சொல்லை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பேரைக்கூட. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது மற்றப் பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொள்ளக் கேட்கிறார்கள். வேண்டாம் என்றேன். கலாதான் விடவில்லை. "அம்மா பாடுனத மூடி வைக்கவா எழுதுனேன் அத்த?" என்கிறாள்.

வருகிற ஞாயிறு நான் பாடிக் காட்டப் போகிறேன். அண்ணனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வருவாரோ, மாட்டாரோ. உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன் அண்ணி, ஒரு பிள்ளையின் பேரும் அந்தப் பாட்டில் ஏறாது. நீங்கள் உங்கள் பேரை வைத்த இடத்தில் என் பேரை வைத்துத்தான் பாடுவேன்.

உங்கள் நாத்தனார்,
வளர்மதி