வழியெல்லாம் நிறுத்தச் சொன்ன மைனிக்கு

மைனி,

இன்று காலை காரின் பின்சீட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன். ஷீபாவின் தோழி ஒருத்தி நாய்க்குட்டி வளர்க்கிறாள். அதற்கு ஊசி போட பிம்ப்ரிக்குப் போகணுமாம். மெட்ரோவில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆட்டோக்காரர்கள் முறைப்பார்கள், அம்மாவின் கார் சும்மாதானே நிற்கிறது. திரும்பி வரும் வழியில் அந்தக் குட்டி, குடித்த பாலையும் தின்ற பிஸ்கட்டையும் சீட்டில் கக்கிவிட்டது. கதவைத் திறந்ததும் அந்தப் புளித்த வாடை குப்பென்று அடித்தது, எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. நாய் வாந்தியைப் பார்த்தா என்னை நினைத்தாய் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நாற்றத்துக்கு நடுவில் குந்தி உட்கார்ந்து தேய்ப்பவர்களுக்கு உங்களைத் தவிர வேறு யார் நினைவுக்கு வருவார்கள்?

அந்தப் பயணத்தைத்தான் சொல்கிறேன். நாம் உங்களுக்கு மாப்பிள்ளை பார்க்கப் பூனாவிலிருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் போனது. ஷீபாவுக்கு அப்போது நாலு வயது, ஜோயலுக்கு ஆறு. ரயிலில் டிக்கெட் கிடைக்கவில்லை. என் வீட்டுக்காரர், உங்கள் தம்பி சாமு, ஆகுர்டி ஃபாக்டரியில் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கியிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு உங்கள் பெரியப்பா வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் வருவதாகப் பேச்சு. நாற்பதை நெருங்கும் பெண்ணுக்கு இதற்குமேல் ஒரு வரன் வராது என்று பெரியப்பா போனில் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஸ்பீக்கரில் போட்டது உங்கள் தம்பிதான், அந்த ஆளுக்கு எதையும் அமுக்கத் தெரியாது.

எனக்கு எல்லாம் நேரத்துக்கு நடக்கவேண்டும். முதல் நாள் மத்தியானச் சாப்பாடு பெல்காமில், ராத்திரி தங்கல் ஹூப்ளி தாண்டி என்று திட்டம் போட்டிருந்தேன். சாங்வி வீட்டில் ஜெபம் பண்ணி வண்டியை எடுத்தோம். பெண் பார்க்கும் அன்று கட்டவேண்டிய சந்தன நிறப் பட்டுப்புடவையை மடிப்புக் கலையாமல் ஜன்னல் கொக்கியில் தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் பின்னால் இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள். கம்பாட்கி மலை வளைவுகளைக்கூட நாம் ஏறவில்லை, ஜோயல் ஆரம்பித்துவிட்டான்.

"டாடி, சூ சூ."

அவனுக்கு முடிந்ததும் ஷீபா. ஷீபாவுக்கு முடிந்ததும் மறுபடி அவன். வாயி ஊருக்கு ரோடு பிரியும் இடத்தில் ஸ்ட்ராபெரி விற்கிறான் என்று நீங்கள் இறங்கினீர்கள். சாதாராவில் பிள்ளைகளுக்கு வடாபாவ். அது காரமாம், அதனால் அடுத்த ஊரில் லஸ்ஸி. லஸ்ஸி குடித்தால் என்ன ஆகும்? மறுபடி சூ சூ. பெல்காமில் சாப்பிடவேண்டிய சாப்பாட்டை மாலை வெயிலில் கோலாப்பூரில் சாப்பிட்டோம். சாமு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு, "பிள்ளையளுக்கு சுகர் எதுவும் இருக்குமோ எஸ்தர்?" என்று கேட்டார். பாவம், நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

மறுநாளும் அதே கதை. சித்ரதுர்கா பக்கம் ஒரு ஓட்டலில் வண்டியை நிறுத்தியபோது ஜோயலைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். வாசலில் நின்று அவன் அழுதான். "மம்மி, எனக்கு ஒண்ணும் வரல. அத்தைதான் சொல்லச் சொன்னாங்க. சொன்னா சாக்லேட் தருவாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உங்கள் தம்பி டயருக்குக் காற்றடிக்கப் போயிருந்தார், தப்பித்தீர்கள். கைகழுவும் குழாயடியில் உங்களை மடக்கினேன்.

"என்ன மைனி செய்யுதீய?"

"ஏன், பிள்ளையளுக்கு வந்தா நிறுத்தாண்டாமா?"

"மைனி."

கொஞ்ச நேரம் கையையே கழுவிக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள். "கணக்குப் பரீட்சை அன்னைக்குப் பாதி கிளாஸ் என்கிட்ட இதத்தான் செய்யும். மிஸ், டாய்லெட், மிஸ், டாய்லெட்னு. நானும் செஞ்சு பாத்தேன்." சிரிக்கப் பார்த்தீர்கள், சிரிப்பு வரவில்லை. "என்னால முடியல எஸ்தர். இன்னொரு தடவ ஒருத்தன் முன்னால காப்பித் தட்டத் தூக்கிட்டு நிக்க முடியல. நல்லாத்தான் பேசுவாவ. ஊருக்குப் போய் சொல்லியனுப்புதோம்பாவ. அதுக்கப்புறம் வீட்ல போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு திக்குங்கும். லேட்டாப் போனா அவங்களே எந்திச்சிப் போயிருவாங்கல்லா?"

உங்கள் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் என்பார்கள். எந்தக் கடைக்காரனும் உங்களிடம் எடை குறைக்கத் துணியமாட்டான். அப்படிப்பட்ட நீங்கள் சாக்லேட் கொடுத்து ஆறு வயதுப் பிள்ளையின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தீர்கள். என் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. அழுகைதான் வந்தது, அதையும் குழாயடியில் முகம் கழுவி மறைத்தேன்.

"வேண்டாம்னா திரும்பிருவோம் மைனி. அவர்கிட்ட நான் சொல்லுதேன்."

"ஒன்றரை நாளா ஓட்டிருக்கான். இப்பத் திரும்புன்னா ரோட்ல உக்காந்து அழுதிருவான்."

அது உண்மை. எனக்கு அப்போது எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததோ, "சரி, அப்பப் போவோம். இந்தத் தடவ நீங்க வேண்டாம்னு சொல்லுங்க. எப்பவும் அவங்கதான் சொல்லணுமா?" என்றேன். ஈரக்கையோடு என்னையே பார்த்தீர்கள். "நம்ம பக்கத்துக் கண்டிஷனெல்லாம் நானே சொல்லிரவா?" என்றீர்கள். சொல்லுங்கள் என்றேன்.

அங்கிருந்து வண்டி பறந்தது. சூ சூ என்ற பேச்சே இல்லை. கர்த்தர் குணமாக்கிவிட்டார் என்றார் சாமு. நீங்களோ பின்சீட்டில் கண்டிஷன் போட்டுக்கொண்டே வந்தீர்கள். வேலையை விடமாட்டேன். பூனாவை விட்டு வரமாட்டேன். சமையல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மாப்பிள்ளை வீட்டில் பெரிய டிவி இருக்கவேண்டும் என்று ஜோயல் சேர்த்துக்கொண்டான். தனக்கு ஒரு குதிரை வேண்டும் என்றாள் ஷீபா. எல்லாம் கேட்போம் என்றீர்கள். உங்களை அவ்வளவு குஷியாக நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கிளம்பினோம். இன்னும் ஒரு மணி நேரத்தில் பாளையங்கோட்டை. யாரும் சொல்லிக்கொடுக்காமல், சாக்லேட் வாங்காமல், தன் சொந்த முயற்சியில் ஷீபா வாந்தியெடுத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி எடுத்தாள், கெட்டிக்காரி. பட்டுப்புடவை மேலிருந்து கீழ்வரை நனைந்தது. மிச்சம் உங்கள் சுடிதாரில். அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவர்கள் போகவில்லை. தூங்குகிற ஷீபாவைத் தோளில் போட்டுக்கொண்டு, முடியில் கடலைமிட்டாய் ஒட்டியபடி நீங்கள் இறங்கினீர்கள். மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்து வந்து காருக்குள் எட்டிப் பார்த்து, "பொண்ணு எங்க?" என்று கேட்டார். "நாந்தான்" என்றீர்கள். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாப்பிள்ளை எழுந்து கொல்லைப் பக்கம் போனார். போயே விட்டாரென்று நினைத்தேன். ஒரு வாளி தண்ணீரும் தென்னைநார் பிரஷ்ஷுமாக வந்து, கால்மிதியை வெளியே இழுத்துப்போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். "காய விட்டா நாத்தம் போகாது. எங்க அண்ணன் பிள்ளையளும் திருச்செந்தூர் போறதுக்குள்ள ரெண்டு தடவ எடுக்கும்" என்றார். பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு நீங்களும் எதிரில் குந்தி உட்கார்ந்தீர்கள். உள்ளே பெரியவர்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்க, நீங்கள் சீட்டைத் தேய்த்தபடியே கண்டிஷன்களை ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். குதிரையைக்கூட விடவில்லை.

"டிரான்ஸ்பர் கேட்டா பேங்க்ல குடுப்பாங்க. அங்க இட்லி அரிசி கெடைக்குமா?" என்று கேட்டார் அவர். பிறகு உள்ளே போய், உங்கள் கை ஈரமாயிருக்கிறதென்று காப்பியை அவரே எடுத்துவந்து கொடுத்தார். அவருடைய அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. வேண்டாம் என்று சொல்லத்தானே மைனி போனீர்கள்? திரும்பி வரும்போது ஹொசூர்வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

கல்யாணமானதும் மாப்பிள்ளை எனக்கு அண்ணன் ஆனார். அவரே பூனாவுக்கு வந்து நமக்கு இரண்டு கட்டடம் தள்ளிக் குடியேறினார். மராத்தி இன்றுவரை அவருக்கு வரவில்லை. காய்கறிக்காரியிடம் விரலை நீட்டுவார், நீங்கள் பேரம் பேசுவீர்கள். நீங்களோ அந்தப் பழைய வித்தையை விடவேயில்லை. கல்யாண வீட்டில், சர்ச் மீட்டிங்கில், எங்கே அலுப்புத் தட்டினாலும் என் காதில் குனிந்து, "எஸ்தர், ஷீபாவுக்கு வருதாம்" என்பீர்கள். ஷீபா அப்போது பத்தாம் வகுப்பு. உடனே எழுந்துவிடுவோம். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பாஸ்டர் வந்து நீளமாக ஜெபித்தார். கண்ணைத் திறந்து என்னைத் தேடினீர்கள். "ஷீபாவுக்கு" என்று உங்கள் உதடு அசைந்தது. ஷீபா காலேஜில் இருந்தாள். நான் சிரித்தேன், எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிரித்ததற்காக நான் இன்னும் வருத்தப்படவில்லை.

உங்களைக் கட்கி கல்லறைத் தோட்டத்தில் வைத்த மறுமாதம் அண்ணனின் அண்ணன் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார். ரிட்டயர் ஆன மனுஷன், மனைவியும் இல்லை, பாஷையும் தெரியாத ஊரில் தனியாக எதற்கு, சொந்த ஊருக்கு வரட்டும் என்றார். நியாயம்தான். சாமுவுக்கும் சம்மதம். அண்ணன் ஆமாமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பெட்டிகளை ஏற்றினார்கள். அவரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள், "கொஞ்சம் நிறுத்துங்க, பாத்ரூம் போயிட்டு வாரேன்" என்று இறங்கி நேரே நம் வீட்டுக்கு வந்தார்.

போனவர் வரவில்லை. கீழே ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் கதவைத் தட்டினேன்.

"அண்ணன், எல்லாரும் காத்திட்டு இருக்காவ."

குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு உள்ளேயிருந்தே பேசினார். "பூனாவ விட்டு வரமாட்டேன்னு சொல்லித்தானம்மா அவ என்னக் கட்டுனா. இப்ப அவள இங்க விட்டுட்டு நான் மட்டும் எப்படிம்மா போவேன்?"

நான் கீழே இறங்கிப் போய் அவர் அண்ணனிடம், "அண்ணனுக்கு வயிறு சரியில்ல. இந்த வயித்தோட அவ்வளவு தூரம் கார்ல முடியாது. நீங்க முன்னால போங்க, சரியானதும் அனுப்பி வைக்கேன்" என்றேன். பெட்டிகளை நானே இறக்கினேன்.

ஜோயலுக்குப் பெங்களூரில் வேலை, அவன் அறை காலியாகத்தான் இருந்தது. அதில் இப்போது அண்ணன் இருக்கிறார். நகை, புடவையெல்லாம் யார் யாருக்கோ போனது மைனி. எனக்கு வந்து சேர்ந்தது இந்த மனிதர். காலையில் நான் சீட்டைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்து பிரஷ்ஷைப் பிடுங்கிக்கொண்டார். பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிறுதோறும் போன் வருகிறது, வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள். இன்னும் சரியாகவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.