பழுப்புக் காசுகளின் மதிப்பு

நாள் 611, 09:10
நிலவுக் குடியிருப்பு, உலோகச் சோதனை அறை. எழுதுவது பூங்கோதை.
அச்சுப் பிழை உள்ளவை என்று இன்று சோதனைக்கு வந்த காசுகள் பதினொன்று. பத்து போலி. நான்கைச் சுத்தியலால் அடித்திருக்கிறார்கள், ஆறை அமிலத்தில் ஊறவைத்திருக்கிறார்கள். ஒன்று மட்டும் மெய்: அச்சு நடுவில் விழாமல் விலகியிருக்கிறது. அச்சடிக்கும்போதே நேர்ந்த பிழையில் உலோகம் வழிந்து படிந்திருக்கும். பிறகு செய்த சேட்டையில் நசுங்கியிருக்கும்.
போன மாதம் பூமியிலிருந்து ஒரு சேகரிப்பாளர் இப்படியொரு காசுக்கு ஈடாக, ஊர் திரும்பும் கப்பலில் இருக்கை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எல்லாருக்கும் சில்லறை மேல் கண். எனக்கு எல்லார் மேலும்.

நாள் 613, 11:30
காற்றுக்கதவு மெக்கானிக் சகாயம் ஒரு பழுப்புக் காசு அனுப்பியிருக்கிறார். நம் காசுகள் எஃகு. இது செம்பும் வெள்ளீயமும் கலந்த கன்மெட்டல். அச்சு சந்தேகமில்லாமல் நம் இயந்திரத்துடையது. தவறான உலோகத்தில் விழுந்த அச்சு, பிழைகளிலேயே விலை கூடியது. மெய் என்று எழுதி அறிவிப்புப் பலகையில் போட்டேன்.
எங்கே கிடைத்தது என்று இன்டர்காமில் கேட்டேன். "டீக்கடையில மிச்சச் சில்லறையா குடுத்தாவ, அக்கா."
நம்பவில்லை.

நாள் 615, 10:05
சகாயத்திடமிருந்து இன்னும் இரண்டு பழுப்புக் காசுகள். ஒரே ஆளுக்கு மூன்று அதிர்ஷ்டமா? உலோகக் கலவையைப் பார்த்தேன். காற்றுக்கதவுகளின் பூட்டுத்தண்டைத் தாங்கும் வில்லைகளும் இதே கலவைதான். கதவுகளைப் பிரிப்பது சகாயத்தின் வேலை. தலைவர் வசுந்தராவிடம் சொன்னேன். சகாயத்தை அடைத்துவிட்டார்கள்.
அடைத்த அறையிலிருந்து பேசினார்: "நான் திருடலக்கா. கதவு வில்லை மாதிரி தெரிஞ்சுது, உறுதியாவட்டும்னுதான் உங்ககிட்ட அனுப்புனேன். வெளிச்சத்துல சரிச்சுப் பாருங்க, நம்பர் தெரியும்."
திருடனின் பேச்சு என்று இணைப்பைத் துண்டித்தேன்.

நாள் 616, 13:20
சமையலறை எஸ்தர் நான்காவது பழுப்புக் காசை அனுப்பினார். சகாயம் உள்ளே இருக்கும்போது இது எப்படி வந்தது?
சரித்துப் பார்த்தேன். முத்திரைக்கு அடியில் மங்கலாக 7. மற்ற மூன்றிலும் எண்கள்: 2, 15, 31. வில்லைகளில் பொறித்திருந்த கதவு எண்கள்.
நேற்றுப் போன கப்பலின் பட்டியலை வாங்கினேன். அச்சு இயந்திரத்தை ஓட்டும் ரங்கபாஷ்யம் ஏறியிருக்கிறார். அவர்தான் வில்லைகளைக் கழற்றிக் காசாக அடித்து, என்னிடம் சோதனைக்கு வரட்டும் என்று சில்லறையில் கலந்திருக்கிறார். இருக்கைக்குக் கொடுத்தது ஒரு பழுப்புக் காசு. என் அறிவிப்புதான் அதற்கு விலை வைத்தது.

நாள் 616, 14:45
சகாயத்தை விடுவித்தாயிற்று. கதவுகளிலிருந்து பேசுகிறார். "வில்லைக்குப் பதிலா தகரத்தச் சொருகி வச்சிருக்கான், ரொம்ப நேரம் தாங்காது. நாலையும் மாத்திட்டேன். மிச்சம் எதுன்னு சொல்லுங்கக்கா. நாப்பது கதவையும் பிரிக்க நேரம் பத்தாது."
அவரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

நாள் 616, 15:10
எல்லா அறைகளுக்கும் அறிவித்தேன்: பழுப்புக் காசுகளுக்கு மதிப்பில்லை, உடனே எண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள்.
வந்த பதில்கள்:
"அன்னைக்கு மெய்னு எழுதினதும் நீங்கதானே மேடம்?"
"விலையை இறக்கிட்டு நீங்களே வாங்கப் பாக்குறீங்களா?"
"எங்கிட்ட எதுவும் இல்ல."
ஒருவர்கூட எண் சொல்லவில்லை.

நாள் 616, 16:12
பத்தொன்பதாம் கதவு பிய்த்துக்கொண்டு போய்விட்டது, காற்று வெளியேறுகிறது. கதவுகளை வரிசையாகப் பார்த்துவந்த சகாயம் பதினெட்டை முடித்துவிட்டு அங்கேதான் போனார். கூப்பிடுகிறேன். பதில் இல்லை. அந்த வில்லை யாரோ ஒருவரின் பையில் காசாகக் கிடக்கிறது. நூறாக இருக்கவேண்டிய காற்றழுத்தம் 81.

16:30
74. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். சகாயம், நான் உங்களை

16:38
66. என் அறைக் கண்ணாடிக்கு வெளியே ஏழெட்டுப் பேர். முகம் நீலம் பாய்ந்திருக்கிறது. கைகளை இறுக்கி மூடியிருக்கிறார்கள். கையை விரித்துக் காசின் எண்ணைக் காட்டுங்கள் என்று இன்டர்காமில் கெஞ்சினேன். எஸ்தர் மட்டும் பேசினார்:
"மொதல்ல காசுக்குக் கப்பல்ல எத்தனை இருக்கைன்னு சொல்லு